பிரஷர் சுவிட்சின் நட்டைத் திருகும் முன், டேங்கில் காற்று இருக்கிறதா பாருங்கள்

கிணற்று மோட்டார் குழாயைத் திறந்தாலே டக் டக்கென்று போட்டுப் போட்டு அணைகிறது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் யோசிக்காமல் சொல்லும் பதில், "பிரஷர் சுவிட்ச் போயிருக்கும், மாத்திடுங்க." மீதி இரண்டு பேர், "உள்ளே ஒரு நட்டு இருக்கும், கொஞ்சம் டைட் பண்ணுங்க, சரியாயிடும்" என்பார்கள். எனக்கும் இதைத்தான் சொன்னார்கள். சுவிட்சை மாற்றினேன், இரண்டு நாளில் பழைய கதை. நட்டைத் திருகினேன், ஒரு வாரம் ஏதோ மாறியது போலிருந்தது. நான்காவது மாதம் மோட்டாரின் காயில், அதாவது உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள், கருகிவிட்டது. கிணற்றிலிருந்து மோட்டாரை மேலே ஏற்றிவிட்டு, வந்த மெக்கானிக் தற்செயலாக டேங்கின் மேல்பக்கத்தை விரல்முட்டியால் தட்டினார். வெற்றுப் பாத்திரம் போல் 'டங்' என்று ஒலிக்க வேண்டிய இடம், நிரம்பிய குடம் போல் 'தொம்' என்றது. டேங்கில் சொட்டுக் காற்றுகூட இல்லை. சுவிட்ச் ஆரம்பத்திலிருந்தே நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

கிணற்று மோட்டார், தரையில் நிற்கும் பிரஷர் டேங்க், மோட்டாரைத் தானாகப் போட்டு அணைக்கும் பிரஷர் சுவிட்ச், இவை சேர்ந்த அமைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் சுவிட்சையே பேசுகிறார்கள், டேங்கைத் தண்ணீர் சேமிக்கும் பாத்திரமாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். மின்சாரமோ பிளம்பிங்கோ தெரிந்திருக்க வேண்டியதில்லை, வரிசையாகப் படித்துக்கொண்டு போனால் போதும்.

மாடித் தொட்டி இல்லாமல் தண்ணீர் எப்படிப் பாய்கிறது

மாடியில் தொட்டி இருக்கும் வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதற்குக் காரணம் உயரம். தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் கீழே குழாயில் ஏறத்தாழ 14 பி.எஸ்.ஐ அழுத்தம் கிடைக்கும். பி.எஸ்.ஐ என்பது ஒரு சதுர அங்குலப் பரப்பின்மேல் எத்தனை பவுண்டு எடை அழுத்துகிறது என்ற கணக்கு. டயருக்குக் காற்றடிக்கும் இடத்தில் கேட்டிருப்பீர்கள், அதேதான்.

கிணற்று மோட்டாரும் பிரஷர் டேங்கும் இருக்கும் வீட்டில் அந்த உயரம் கிடையாது. தரையிலேயே ஒரு டேங்க் நிற்கிறது, ஆனாலும் மேல்மாடிக் குழாய்வரை தண்ணீர் வேகமாகப் போகிறது. உயரம் செய்யும் வேலையை இங்கே செய்வது, டேங்கின் உள்ளே அடைபட்டு அமுங்கிக் கிடக்கும் காற்று. மோட்டார் தண்ணீரைத் தள்ளிக் காற்றை நசுக்குகிறது. மோட்டார் நின்ற பிறகு நசுங்கிய காற்று விரிந்து தண்ணீரை வீட்டுக்குள் தள்ளுகிறது. இந்த இரண்டு வரி மனதில் நின்றால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

ஊசிக்குழாயில் ஒரு சோதனை

வீட்டில் ஊசி இல்லாத பிளாஸ்டிக் சிரிஞ்ச் ஒன்று இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்தே பாருங்கள், படிப்பதைவிட நன்றாகப் புரியும். முதலில் அதில் காற்றை மட்டும் இழுத்து, நுனியைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிக்கொண்டு தண்டை உள்ளே தள்ளுங்கள். பாதிவரை போகும், விட்டால் துள்ளித் திரும்பி வரும். அடுத்து முழுக்கத் தண்ணீர் நிரப்பித் தள்ளிப் பாருங்கள். எவ்வளவு அழுத்தினாலும் தண்டு அசையாது. தண்ணீர் அமுங்காது, காற்று அமுங்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்றாவதாகப் பாதித் தண்ணீர், பாதிக் காற்று. நுனி கீழே இருக்கும்படி பிடித்து, மூடிக்கொண்டு, தண்டை அழுத்தி அப்படியே பிடித்திருங்கள். இப்போது நுனியிலிருந்து விரலை எடுத்தால் தண்டை மேலும் தள்ளாமலே தண்ணீர் சீறி வெளியே வரும். உங்கள் பிரஷர் டேங்க் இதுதான், அளவில் பெரியது. தண்டை அழுத்துவது மோட்டார், விரலை எடுப்பது நீங்கள் குழாயைத் திறப்பது.

காற்று எவ்வளவு அமுங்கும் என்பதற்கு விதி உண்டு. ராபர்ட் பாயில் 1662-ல் வெளியிட்டது: வெப்பநிலை மாறாமலிருந்தால், காற்றின் மேல் உள்ள அழுத்தம் இரண்டு மடங்காகும்போது அதன் கொள்ளளவு பாதியாகும். பின்னால் ஓரிடத்தில் இதை வைத்து ஒரு கணக்குப் போடப்போகிறோம்.

இப்போது வரும் டேங்குகளில் காற்றும் தண்ணீரும் நேரடியாகத் தொட்டுக்கொள்வதில்லை. நடுவே ஒரு ரப்பர் பை இருக்கும், அதற்கு பிளாடர் என்று பெயர். பெரும்பாலும் பைக்குள் தண்ணீர், வெளியே காற்று. பை இல்லாத பழைய டேங்குகளில் காற்று கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைந்து குழாய் வழியே போய்விடும். அந்த டேங்க் வைத்திருப்பவர்கள் அடிக்கடி காற்று நிரப்பவேண்டியிருக்கும்.

இஸ்திரிப் பெட்டியும் பிரஷர் சுவிட்சும்

இப்போது சுவிட்சுக்கு வருவோம். தானாக அணையும் இஸ்திரிப் பெட்டியைக் கவனித்திருப்பீர்கள். சூடு ஓர் அளவுக்கு ஏறியதும் 'டிக்' என்று விளக்கு அணையும். அணைந்த அந்தக் கணமே மறுபடி எரிவதில்லை, கொஞ்சம் ஆறவிட்டுத்தான் மறுபடி 'டிக்'. அணையும் சூடு ஒன்று, மறுபடி பிடிக்கும் சூடு வேறொன்று, இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி. அந்த இடைவெளி இல்லாவிட்டால் பெட்டி நொடிக்கு நூறு தரம் எரிந்து அணைந்துகொண்டிருக்கும்.

பிரஷர் சுவிட்சும் அதே மாதிரிதான், சூட்டுக்குப் பதில் அழுத்தம். மோட்டார் ஓடத் தொடங்கும் அழுத்தத்தைக் கட்-இன் என்பார்கள், நிற்கும் அழுத்தத்தைக் கட்-அவுட் என்பார்கள். சுவிட்சின் மேல் 30/50 என்று போட்டிருந்தால், 30 பி.எஸ்.ஐக்கு இறங்கினால் ஓடும், 50-க்கு ஏறினால் நிற்கும். 20/40, 40/60 என்றும் வரும். வீட்டுக்கு வருகிறவற்றில் இந்த இடைவெளி பெரும்பாலும் 20 பி.எஸ்.ஐ.

உள்ளே இருப்பது மிக எளிய சாமான். அடியில் ஒரு குறுகலான குழாய் வழியாகத் தண்ணீரின் அழுத்தம் வந்து ஒரு ரப்பர் தகட்டைத் தள்ளும், இதை டயாபிரம் என்பார்கள். மேலிருந்து ஒரு ஸ்பிரிங் அதை எதிர்த்து அழுத்தும். தண்ணீர் ஜெயித்தால் தகடு மேலே எழும்பி, மின்சாரம் பாயும் உலோகப் பாயிண்டுகளைப் பிரித்துவிடும், மோட்டார் நிற்கும். அழுத்தம் குறைந்து ஸ்பிரிங் ஜெயித்தால் பாயிண்டுகள் ஒட்டும், மோட்டார் ஓடும். சுவிட்சின் மொத்த வேலையும் இவ்வளவுதான். அது அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. அழுத்தத்தை உண்டாக்குவது மோட்டார், பிடித்து வைத்திருப்பது டேங்கின் காற்று, சுவிட்ச் பார்த்துக்கொண்டு நிற்கும் ஆள்.

இதுவரை வந்ததைக் கோர்த்துப் பார்த்தால்: காற்று ஒரு ஸ்பிரிங் போல வேலை செய்கிறது, மோட்டார் அந்த ஸ்பிரிங்கை அமுக்குகிறது, சுவிட்ச் "போதும்", "மறுபடி அமுக்கு" என்று சொல்கிறது.

காற்று போனால் மோட்டாருக்கு என்ன

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 80 லிட்டர் டேங்க், 30/50 சுவிட்ச், காலி டேங்கில் 28 பி.எஸ்.ஐ காற்று. கேஜ் (டேங்கின் அழுத்தத்தை முள்ளால் காட்டும் மீட்டர்) காட்டும் எண்ணோடு வெளிக்காற்றின் அழுத்தமான 14.7-ஐயும் சேர்த்து பாயில் விதியில் போட்டால், 30-ல் காற்று டேங்கில் சுமார் 76 லிட்டர் இடத்தைப் பிடித்திருக்கும், 50-ல் 53 லிட்டராகச் சுருங்கியிருக்கும். வித்தியாசம் 23 லிட்டர். மோட்டார் நின்றதிலிருந்து மறுபடி ஓடும்வரை டேங்க் தரும் தண்ணீர் இவ்வளவுதான். 80 லிட்டர் டேங்க் வாங்கியவர் 80 லிட்டர் தண்ணீர் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டிருப்பார், பாவம், அது நடக்காது. டேங்க் எவ்வளவு தரும் என்பதற்கு ஏறக்குறைய கொள்ளளவில் கால்பங்கிலிருந்து 30 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

காற்று கசிந்து கசிந்து இந்த 23 லிட்டர் 2 லிட்டராகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 600 லிட்டர் புழங்கும் வீட்டில் மோட்டார் ஏறத்தாழ 26 தரம் ஓடியது போய், 300 தரம் ஓடவேண்டியிருக்கும். முற்றிலும் காற்றே இல்லையென்றால், நாம் முழுக்கத் தண்ணீர் நிரப்பிய சிரிஞ்ச் மாதிரி, ஒரு டம்ளர் தண்ணீர் உள்ளே வந்தாலே அழுத்தம் 30-லிருந்து 50-க்குத் தாவும், ஒரு டம்ளர் வெளியே போனாலே திரும்ப விழும். டக், டக், டக்.

ஓடினால் என்ன, மோட்டார் ஓடத்தானே இருக்கிறது என்று தோன்றலாம். ஓடுவதால் மோட்டார் சாவதில்லை, ஓடத் தொடங்கும் கணத்தில்தான் சாகிறது. நின்றிருக்கும் மோட்டாரை உந்தி எழுப்ப, சாதாரணமாக இழுக்கும் மின்சாரத்தைப்போல் 5 முதல் 7 மடங்கு ஒரு கணம் இழுக்கும். கம்பியில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறும், அதாவது 6 மடங்கு மின்னோட்டம் என்றால் 36 மடங்கு சூடு. நல்லபடி ஒரு நிமிடமாவது தொடர்ந்து ஓடினால் சுற்றியுள்ள தண்ணீர் அந்தச் சூட்டைக் கொண்டுபோய்விடும். இரண்டு நொடி ஓடி, மூன்று நொடி நின்று, மறுபடி எழும்பினால் சூடு தணிய வழியே இல்லை. காயிலின் மேல்பூச்சு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக வெந்து கடைசியில் ஒருநாள் கருகும். என் மோட்டாருக்கு நடந்தது இதுதான். நான் புதிதாக மாற்றிய சுவிட்ச் அந்த நான்கு மாதமும் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டேதான் இருந்தது.

மோட்டார் மட்டுமா. ஒவ்வொரு 'டக்'கிலும் சுவிட்சின் பாயிண்டுகளுக்கு நடுவே ஒரு சின்னத் தீப்பொறி பறக்கிறது, அந்தப் பாயிண்டுகளும் தேய்கின்றன. ஆகவே உண்மையிலேயே சுவிட்ச் பழுதாகிப்போன வீடுகளிலும் காற்றைப் பார்க்காமல் சுவிட்சை மட்டும் மாற்றினால் புதியதும் சீக்கிரமே போகும்.

ஒரு வாளியும் கைக்கடிகாரமும்

சரி, நம் வீட்டு டேங்க் எப்படி இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்குக் கருவி வேண்டாம். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மோட்டார் தானாக நிற்கும்வரை காத்திருங்கள். நின்றதும் ஒரு குழாயைத் திறந்து, அளவு தெரிந்த வாளியில் பிடியுங்கள். மோட்டார் மறுபடி ஓடும் சத்தம் கேட்டதும் குழாயை மூடுங்கள். எத்தனை லிட்டர் வந்தது? கொள்ளளவில் கால்பங்கையொட்டி இருந்தால் காற்று நலம். ஒரு வாளிகூட நிறையவில்லை என்றால் நீங்கள் தேடும் குற்றவாளி கிடைத்தாயிற்று.

குழாயை மூடிய அதே கணத்தில் கடிகாரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் 50-க்கு ஏற்றி நிற்க எத்தனை நொடி? 23 லிட்டரை 70 நொடியில் நிரப்பினால் நிமிடத்துக்குச் சுமார் 20 லிட்டர். இந்த ஓர் எண்ணை எங்காவது குறித்து வையுங்கள். அடுத்த வருடம் அதே 23 லிட்டருக்கு 140 நொடி ஆனால் பம்பு பாதியாக இளைத்துவிட்டது, அல்லது கிணற்றில் நீர்மட்டம் நன்றாக இறங்கிவிட்டது, அல்லது வழியில் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். மோட்டார் முற்றிலும் படுத்த பிறகு மெக்கானிக்கைத் தேடி ஓடுவதைவிட ஒரு வருடம் முன்பே தெரிந்துகொள்வது எவ்வளவு நிம்மதி என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

காற்று நிரப்புவது

டேங்கின் மேல்பக்கம் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திருகி எடுத்தால் கார் டயரில் இருப்பது போன்ற காற்று வால்வு தெரியும். முதலில் அதன் நடு ஊசியை நகத்தால் ஒரு கணம் அழுத்திப் பாருங்கள். காற்று வந்தால் நல்லது. தண்ணீர் பீறிட்டால் உள்ளே பிளாடர் கிழிந்துவிட்டது. அப்புறம் எவ்வளவு காற்றடித்தாலும் நிற்காது, பிளாடரையோ டேங்கையோ மாற்றத்தான் வேண்டும்.

காற்று வந்தால் அளந்து பார்க்கலாம். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். டேங்கில் தண்ணீர் அழுத்தத்தோடு இருக்கும்போது டயர் கேஜை வைத்துப் பார்த்தால், காலி டேங்கின் காற்றைக் காட்டாது, அப்போதைய தண்ணீரின் அழுத்தத்தைத்தான் காட்டும். 40 காட்டுகிறதே, காற்று நிறைய இருக்கிறது என்று திருப்தியாகப் போய்விடுவார்கள். ஆகவே முதலில் மோட்டாரின் மெயினை அணைத்துவிடுங்கள். டேங்குக்குப் பக்கத்தில், இருப்பதிலேயே தாழ்வான குழாயைத் திறந்து, கேஜ் முள் பூஜ்யத்துக்கு வந்து, தண்ணீர் வருவதே நிற்கும்வரை விடுங்கள். குழாய் திறந்தே இருக்கட்டும். இப்போது அளந்தால் வருவதுதான் உண்மையான எண்.

அந்த எண் கட்-இன்னைவிட 2 பி.எஸ்.ஐ குறைவாக இருக்கவேண்டும். 30/50 சுவிட்சுக்கு 28, 40/60-க்கு 38. குறைவாக இருந்தால் சைக்கிள் பம்பாலேயே அடிக்கலாம், கொஞ்சம் கை வலிக்கும், அவ்வளவுதான். கூடிப்போனால் ஊசியை அழுத்தி வெளியேற்றுங்கள். ஏன் 2 குறைவு? காற்று கட்-இன்னைவிடக் கூடுதலாக இருந்தால், சுவிட்ச் மோட்டாரை எழுப்பும் முன்பே டேங்க் வற்றிவிடும். குளித்துக்கொண்டிருக்கும்போது தண்ணீர் ஒரு கணம் நின்று, பிறகு குப்பென்று வரும் வீடுகளில் பெரும்பாலும் காரணம் இதுதான். மிகக் குறைவாக இருந்தால் டேங்க் தரும் தண்ணீர் குறைவதோடு ரப்பர் பையும் அளவுக்கு மீறி விரிந்து சீக்கிரம் கிழியும்.

பிறகு குழாயை மூடி மெயினைப் போட்டு, முள் எந்த எண்ணில் இருக்கும்போது மோட்டார் ஓடுகிறது, எந்த எண்ணில் நிற்கிறது என்று ஒரு தரம் பார்த்துவிடுங்கள். நல்ல டேங்கில்கூடக் காற்று மெல்லக் குறையும், அதனால் வருடத்துக்கு ஒரு தரமாவது இதைச் செய்யவேண்டும். நான் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் செய்கிறேன், அரை மணி நேர வேலைதான்.

நடுவில் ஒரு நிறுத்தம். காற்றை அளப்பது எப்போதும் மெயின் அணைந்து, கேஜ் பூஜ்யத்தில் இருக்கும்போது. அளவு, கட்-இன்னுக்கு 2 குறைவு. வால்விலிருந்து தண்ணீர் வந்தால் பிளாடர் போச்சு.

சுவிட்சின் மூடியைத் திறந்தால்

மெயினை அணைக்காமல் இந்த மூடியில் கை வைக்காதீர்கள், இதை எத்தனை தரம் சொன்னாலும் தகும். மூடிக்குக் கீழே மின்முனைகள் உறையில்லாமல் திறந்தே இருக்கும். அணைத்த பிறகும் டெஸ்டரை நான்கு முனைகளிலும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடவேண்டும். மின்வேலை பழக்கமில்லாதவர்கள் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு மீதியை எலக்ட்ரீஷியனிடம் விடுவதே சரி.

நான் முதல் தரம் திறந்தபோது பாயிண்டுகளுக்கு நடுவே கறுப்பாகத் தூள் போல ஏதோ அடைந்திருந்தது. கரி என்று நினைத்து டார்ச் அடித்துப் பார்த்தால், கருகிச் சப்பையாகிப்போன எறும்புகள். ஒன்றன்மேல் ஒன்றாக, காகிதக் கனத்தில் ஒரு படலம். எறும்புகள் மின் இணைப்புகளைத் தேடி வந்து அடைவது உலகம் முழுக்க நடப்பது. பாயிண்டுகள் ஒட்டும்போது நடுவே நசுங்கும், அந்தப் படலம் மின்சாரம் பாயவிடாது, மோட்டார் ஓடாமல் நிற்கும். அன்றிலிருந்து ஒயர் நுழையும் ஓட்டையைச் சுற்றி இடைவெளியில்லாமல் அடைத்து வைத்திருக்கிறேன்.

பாயிண்டுகளின் முகம் ஓரளவு வழவழப்பாக இருக்கவேண்டும். லேசான கருமை பரவாயில்லை. குழி விழுந்து, ஓரம் உருகி முண்டும் முடிச்சுமாக இருந்தால் சுவிட்சை மாற்றுங்கள். உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பார்கள் சிலர். மேலே பூசியிருக்கும் நல்ல உலோகம் போய், இன்னும் வேகமாகக் கருகும், அவசரத்துக்கு ஒருநாள் ஓட்டலாமே தவிர அது பழுது பார்த்த கணக்கில் வராது.

பலரும் கவனிக்காத இடம் சுவிட்சுக்கு அடியில் இருக்கும் அந்தக் குறுகிய குழாய். கால் அங்குலம்தான் இருக்கும். துருவும் வண்டலும் அடைத்துக்கொண்டால் சுவிட்சுக்கு டேங்கின் உண்மை நிலவரம் போய்ச் சேராது. 50 ஆகியும் அதற்குத் தெரியாது, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். 20-க்கு இறங்கியும் தெரியாது, மோட்டார் ஓடாது. புதுச் சுவிட்ச் மாட்டியும் இதே கூத்து தொடர்ந்தால் பழைய குழாயிலேயே மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். சுவிட்சை மாற்றும்போது இந்தச் சின்னக் குழாயையும் சேர்த்து மாற்றிவிடுவது என் பழக்கம்.

இரண்டு நட்டுகள், இரண்டு வேலை

பெரும்பாலான சுவிட்சுகளில் ஒரு பெரிய ஸ்பிரிங்கின் மேல் ஒரு நட்டும், சிலவற்றில் பக்கத்தில் சின்ன ஸ்பிரிங்கின் மேல் இன்னொரு நட்டும் இருக்கும். பெரியதை வலப்பக்கம் திருகினால் கட்-இன், கட்-அவுட் இரண்டும் சேர்ந்து ஏறும், இடப்பக்கம் திருகினால் சேர்ந்து இறங்கும். சின்னதைத் திருகினால் கட்-அவுட் மட்டும் நகரும், அதாவது இடைவெளி மாறும். ஒரு சுற்றுக்கே சில பி.எஸ்.ஐ மாறிவிடும் என்பதால் அரைச் சுற்று திருகி, மூடியை மாட்டி, மெயினைப் போட்டு, மோட்டார் ஒரு தரம் ஓடி நிற்கும்வரை பார்த்த பிறகே அடுத்த அரைச் சுற்று.

"தண்ணீர் மெதுவாக வருது, நட்டை டைட் பண்ணு" என்பது பரவலான வைத்தியம். குழாய் உண்மையிலேயே உயரத்தில் இருந்து, கட்-இன் அழுத்தம் அங்கே போதாமல் இருந்தால் இது உதவும், 10 மீட்டர் ஏறினால் 14 பி.எஸ்.ஐ குறைந்துவிடும் என்ற கணக்கு நினைவிருக்கிறதல்லவா. ஆனால் வடிகட்டி அடைத்திருந்தாலோ குழாயே குறுகலாக இருந்தாலோ நட்டைத் திருகி ஒன்றும் ஆகாது. அதைவிட மோசம், பம்பால் எட்டமுடியாத உயரத்துக்குக் கட்-அவுட்டை ஏற்றிவிட்டால் மோட்டார் 58-லேயே திணறிக்கொண்டு 60-க்காக நாள் முழுக்க ஓடும். அப்புறம், கட்-இன்னை மாற்றினால் டேங்கின் காற்றையும் அதற்கேற்ப மாற்றவேண்டும். நட்டைத் திருகிவிட்டுக் காற்றை விட்டுவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

கேஜ் முள்ளைப் பார்த்தே சொல்லிவிடலாம்

மோட்டார் நிற்காமல் ஓடுகிறதா? கேஜைப் பாருங்கள். முள் 50-ஐத் தாண்டியும் ஓடுகிறதென்றால் குறை சுவிட்ச் பக்கம்: பாயிண்டுகள் உருகி ஒட்டியிருக்கலாம், அடிக்குழாய் அடைத்திருக்கலாம். இது ஆபத்து, உடனே மெயினை அணையுங்கள். அழுத்தம் மீறினால் தானே திறந்து தண்ணீரை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு ஒன்று டேங்கின் பக்கத்தில் கட்டாயம் இருக்கவேண்டியது இதற்காகத்தான். முள் 50-ஐ எட்டாமலே 40-ல், 45-ல் நின்றுகொண்டு ஓடுகிறதென்றால் சுவிட்சைத் தொட வேலையே இல்லை. பம்பு தேய்ந்திருக்கிறது, அல்லது கிணற்றில் தண்ணீர் குறைந்திருக்கிறது, அல்லது எங்கோ பெரிய ஒழுகல்.

யாருமே குழாயைத் திறக்காதபோது, நடுராத்திரியில் மோட்டார் எழும்புகிறதா? தண்ணீர் எங்கோ போகிறது. வீட்டுக்குள் போகிறதா, கிணற்றுக்கே திரும்புகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மோட்டார் நின்றதும் மெயினை அணைத்து, டேங்கிலிருந்து வீட்டுக்குப் போகும் வால்வை மூடி, பதினைந்து நிமிடம் முள்ளைப் பாருங்கள். முள் அசையாமல் நின்றால் ஒழுகல் வீட்டுக்குள். கழிவறை ஃபிளஷ் டேங்கைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன், சத்தமில்லாமல் ஒழுகிக்கொண்டே இருக்கும். வால்வை மூடியும் முள் இறங்கினால் தண்ணீர் கிணற்றுப் பக்கம் போகிறது. தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் போகவிடும் நான்-ரிட்டர்ன் வால்வு பிடிக்கவில்லை, அல்லது மண்ணுக்கடியில் குழாய் ஒழுகுகிறது. தரைமேல் வைத்து உறிஞ்சும் வகை மோட்டார் என்றால் கிணற்றுக்குள் உறிஞ்சுகுழாயின் அடிநுனியில் தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் ஃபுட் வால்வும் இந்தச் சந்தேகத்தில் சேரும்.

மோட்டார் எழும்பவே இல்லையென்றால், சில சுவிட்சுகளில் பக்கவாட்டில் ஒரு சின்னக் கம்பி நெம்புகோல் இருக்கும், அதைப் பாருங்கள். அழுத்தம் கட்-இன்னைவிட 10 பி.எஸ்.ஐ போலக் கீழே போய்விட்டால், கிணறு வற்றியிருக்கும் என்று கருதி அது மோட்டாரை அடியோடு நிறுத்திவிடும். தண்ணீரில்லாமல் ஓடும் மோட்டார் நிமிடங்களில் கெட்டுவிடும் என்பதால் இது நல்ல பாதுகாப்பு. மறுபடி எழுப்ப, அந்த நெம்புகோலைப் பாதிவரை தூக்கி, முள் 30-ஐத் தாண்டும்வரை பிடித்திருக்கவேண்டும். பிடித்திருந்தும் முள் ஏறவில்லையென்றால் விட்டுவிடுங்கள், கிணற்றில் நீர்மட்டத்தைப் பார்க்காமல் திரும்பத் திரும்பத் தூக்கவேண்டாம்.

என் டேங்கின் பக்கவாட்டில் ஒரு வெள்ளைத் தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டியிருக்கிறேன். தேதி, காலி டேங்கில் காற்று, ஓடிய எண், நின்ற எண், வாளிக் கணக்கில் லிட்டர், நிரம்பிய நொடி என்று ஆறு கட்டங்கள். புது மோட்டார் இறக்கிய அன்று எழுதியது 28, 30, 50, 23, 70. போன முறை காற்று 25-க்கு வந்திருந்தது, மீண்டும் 28 ஆக்கினேன், நிரம்ப 72 நொடி ஆனது.